பாதி தைத்த செருப்பு

"கேட்டீங்களாடி கதையை. நாள் முழுக்கப் புத்தகமும் கையுமா இருந்த மனுஷன், இப்போ வெள்ளைக்காரப் பேய்க்குச் செருப்பு தைக்கப் போறார்."

லின்ஹோ வாசலில் நின்று குரல் கொடுத்தால் சீனத்துக் காண்டன் நகரின் நதிக்கரைத் தெரு முழுக்கக் கேட்கும். கேட்டது.

அவள் கணவர் மோக் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். கக்கத்தில் பாதி தைத்த துணிச்செருப்பு ஒன்று. வெள்ளைக்காரன் காலுக்கு அளவெடுத்தது என்பதால் படகு மாதிரி இருந்தது. தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அரசாங்க உத்தியோகத்துக்கான முதல் தேர்வில் அவர் பட்டம் வாங்கியபோது இதே தெரு எழுந்து நின்று மரியாதை செய்தது. அடுத்த தேர்வு மட்டும் ஒவ்வொரு தடவையும் காலை வாரிவிட்டது. வீட்டில் அரிசிப் பானை காலியானதுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துத்தான் தேயிலை வாங்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன் ரகசியமாக ஆள் அனுப்பினான். தரகர்கள் பேச்சை நம்பி நம்பி ஏமாந்தவன். சீன மொழியைத் தானே கற்றுக்கொண்டு நேருக்கு நேர் பேரம் பேச ஆசைப்பட்டான்.

வெள்ளைக்காரனுக்கு மொழி சொல்லிக்கொடுத்தால் தலை போகும். பேரரசரின் சட்டம் அப்படி. போன வருஷம் ஒருவருக்குப் போயும் இருந்தது. அதற்காகத்தான் இந்தச் செருப்பு. யாராவது மறித்தால் காட்டுவதற்கு ஒரு சாக்கு.

மாலையில் வந்ததும் அதைக் கதவோரம் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளறையில் கவிதை படிக்க உட்கார்ந்துவிடுவார். காலையில் எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஊசியைக் கையால் தொட்டதில்லை.

மனைவியிடமும் மூச்சு விடவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாதவள், வாய் வேறு நீளம். அவளிடம் சொல்வதும் சந்தையில் தண்டோரா போடுவதும் ஒன்றுதான் என்பது அவர் கணக்கு. தினமும் வாங்கும் வசவு தாங்காமல், வார முடிவில் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்றும் முடிவு செய்திருந்தார்.

தெருமுனைக் காவல் கதவருகே சேவகன் டாங் வழியை மறித்தான்.

"என்ன புலவரே, செருப்பு வேலை எப்படிப் போகுது?"

"ஏதோ போகுது."

"குடுங்க, பார்ப்போம்."

கொடுத்தார். டாங் செருப்பைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தான்.

"அன்னைக்கு இதை வாங்கிப் பார்த்துச் சிரிச்சேனே, ஞாபகம் இருக்கா? அப்பவே தையல் நின்ன இடத்துல கரித்துண்டால ஒரு கோடு போட்டுட்டேன். நீங்க கவனிக்கலை. நிஜமாவே தைக்கிறவரா இருந்தா, இந்நேரம் தையல் கோட்டைத் தாண்டியிருக்கணும். தாண்டலைன்னா, நீங்க படிச்சவர், நான் சொல்ல வேண்டியதில்லை."

தூரத்தில் லின்ஹோவின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியாகக் காதில் விழப்போவது அவள் வசவுதானா என்று நினைத்தபோது மோக்குக்குக் கண்ணில் நீர் முட்டியது.

டாங் செருப்பைத் திருப்பினான். அடிப்பாகத்தை விரலால் தடவினான். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"தாண்டித்தான் இருக்கு. ரெண்டு விரக்கடை. தையலும் நெருக்கமா விழுந்திருக்கு." செருப்பை அவர் கையில் திணித்தான். "உங்க வீட்டம்மா தினம் தினம் தெருவுக்கே கேக்குற மாதிரி ஏசுறப்பவே நான் நம்பியிருக்கணும். எந்தப் பொம்பளையாவது புருஷன் மானத்தைப் பொய்யாக் கப்பலேத்துவாளா? போங்க."

மோக் செருப்பைப் பார்த்தார். கரிக்கோட்டைத் தாண்டி வரிசை வரிசையாகச் சணல்நூல் தையல். அவர் போடாத தையல்.

அன்று பாடம் ஓடவில்லை. வெள்ளைக்காரன் ஒன்று கேட்டால் இவர் இன்னொன்று சொன்னார்.

மாலையில் வீட்டுக்கு வந்தவர் செருப்பை ஆணியில் மாட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். லின்ஹோ அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். சணல்நூல் அறுத்து அறுத்து அவள் விரல்கள் கன்றிப்போயிருந்தன. இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் அவர் கண்ணில் அது பட்டதே இல்லை.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?" என்றார்.

"செருப்பு தைக்கிறவர் விரல்ல மையா ஒட்டும்?"

கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை வாங்கி மடியில் வைத்தாள். ஊசியில் நூல் கோத்தாள். இது நாளைக்குள் முடிந்துவிடும், அப்புறம் மறுகால் செருப்பை ஆரம்பித்து மாட்டி வைக்கிறேன், மறக்காமல் அதை எடுத்துப் போங்கள் என்றாள்.

மோக் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

அவள் தையலிலிருந்து கண்ணை எடுக்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"காலையில வழக்கம்போல வாசல்ல நின்னு திட்டுவேன். மனசுல வச்சுக்காதீங்க."