ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி

இந்த வருஷமும் ஆள் சேராவிட்டால் இயற்பியல் வேதியியல் துறையையே மூடிவிடுவார்கள். பேராசிரியை தொண்டை வறளப் பேசியும், பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க வந்த பிள்ளைகள் கொட்டாவிதான் விட்டார்கள்.

கடைசி வரிசையில் ஒரு தகப்பனார் எழுந்தார். "வாய்ப்பந்தல் போடாதீங்க மேடம்! இந்தப் படிப்பு சோறு போடுமா?"

"வாய்ப்பந்தலா? கிட்ட வந்து பாருங்க!"

குடுவையில் சும்மா கிடந்த திரவத்தில் பேராசிரியை ஒரு சிட்டிகை கறுப்புப் பொடியைப் போட்டார். நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. பிள்ளைகள் முண்டியடித்தார்கள்.

"பொடி கரைஞ்சு போச்சா மேடம்?"

"இல்லை, அடியில அப்படியே இருக்கு. இதுதான் வினையூக்கி. மத்ததைக் கிளப்பிவிடும், தான் மாறாது. கழுவி எடுத்து அடுத்த குடுவையில போடலாம்."

பாதிப் பேர் அங்கேயே சேரப் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் மட்டும் நின்றாள்.

"என்னம்மா, புரியலையா?"

"புரிஞ்சுது மேடம். சண்டை போட்டாரே, அவர் தொப்பி மாட்டிக்கிட்டு அடுத்த கூட்டத்தோட வரிசையில நிக்கிறார்."

பேராசிரியை நாக்கைக் கடித்துக்கொண்டார். "என் வீட்டுக்காரர்தாம்மா. வெளியில சொல்லிடாதே!"

"சொல்லலை மேடம். நீங்க அடுத்த குடுவையில போடுங்க."