ஊரான் வீட்டு உப்பு

குற்றாலத்தில் சீசனுக்கு வீடு தேடி வந்தவர்கள் மாடியைப் பார்ப்பார்கள், கிணற்றைப் பார்ப்பார்கள். சுரண்டை தில்லைநாயகம் நேராக அடுப்படிக்குள் நுழைந்தார்.

தரகர் பரீது பின்னாலேயே வந்தார். "அண்ணாச்சி, மாடியில நின்னா அருவி தெரியும். கரண்ட் லைட்டு இருக்கு. பெரியவங்க, சின்னப் பிள்ளைங்க எல்லாரும் தாராளமாப் படுக்கலாம்."

"அரிசி யாரு போடுதா?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

பரீது விழித்தார். குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் அரிசி, பருப்பு, புளி, சமையல்காரர் என்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதுதான் வழக்கம். அத்தனை வயல் வைத்திருக்கிற மனிதர் அடுத்தவர் அரிசிக்கு அலைவானேன்?

எல்லாம் அவர் வாயால் வந்த வினை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், பொதுக் கிணற்றுத் தண்ணீரை யார் முதலில் பாய்ச்சுவது என்பதில் தம்பி காந்திமதிநாதனோடு பேச்சு தடித்துவிட்டது. 'இனி உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன்' என்று தெருவே கேட்கச் சொன்னார். 'நான் மட்டும் உன் வீட்டில் நனைப்பேனா?' என்றான் தம்பி. இரண்டு பேரும் ஒரு தகப்பனுக்குப் பிறந்தவர்கள் ஆயிற்றே, யார் இறங்கி வருவது?

அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தம்பி வந்தான். சந்தனத்தை மட்டும் தொட்டுக்கொண்டு போய்விட்டான். தம்பி வீட்டுக் கல்யாணத்தில் இவரும் அப்படியே செய்தார். பந்தி மணம் மூக்கைத் துளைக்க, வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வந்து பழைய சோற்றைப் பிழிந்து தின்றார். அன்றைக்கு அழுகை வந்தது. பச்சை மிளகாய் காரம் என்று மனைவியிடம் சொன்னார்.

அம்மா பிச்சம்மாள் ஆறு மாதம் இவரிடம், ஆறு மாதம் தம்பியிடம். இந்த வருஷம் அவளுக்கு நடை தளர்ந்துவிட்டது. பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லாரோடும் குற்றாலத்தில் பத்து நாள் இருக்க வேண்டும், பெற்ற இரண்டும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். அவள் வேறு எதையும் கேட்டதில்லை.

சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தில்லைநாயகத்துக்கு வராது. ஆனால் அதற்குள் ஒரு சந்து கண்டுபிடிக்க வரும்.

வீடு ஊரான் வீடு. அரிசி ஊரான் அரிசி. உலை வைக்கிற கையும் ஊரான் கை. எல்லாம் அம்மா பெயரில். அப்படியானால் யாரும் யார் வீட்டிலும் கை நனைத்ததாக ஆகாது. இவர் வீட்டு ஊறுகாய் ஒரு துண்டு விழுந்தாலும் தம்பி இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவான்.

முதல் வீட்டில் விறகும் பாத்திரமும் மட்டும்தான். இரண்டாவது வீட்டில் சமையலுக்கு ஆள் உண்டு, தேங்காயும் எண்ணெயும் நாம் கொண்டுவர வேண்டும். தேங்காயிலும் எண்ணெயிலும் என்ன இருக்கிறது என்று பரீது தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவது, ஐந்தருவிப் பாதையில் செண்பகவல்லி அம்மாள் வீடு. காலைக் காப்பி முதல் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வரை சகலமும் அவள் பொறுப்பு. தங்க வருகிறவர்களை அடுப்படிப் பக்கம் அண்ட விடமாட்டாள். தில்லைநாயகத்துக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

ஆடி அமாவாசைக்கு முந்தின பத்து நாளைக் கேட்டார்.

"அடடா, அந்தப் பத்து நாளைக்கு நேத்துதான் ஒரு அண்ணாச்சி வந்து பேசிட்டுப் போனாவ" என்றாள் செண்பகவல்லி.

அமாவாசை தாண்டினால் சாரல் இருக்குமோ என்னவோ. அம்மா இருக்க வேண்டுமே. ஜென்மத்தில் யாரிடமும் கெஞ்சாதவர் கெஞ்சினார். அந்த மனிதருக்கு வேறு வீடு பார்த்துக் கொடுங்கள், எனக்கு இதை விட்டால் வேறு கதி இல்லை என்றார்.

"அவுகளும் இப்படித்தான் சொன்னாவ. உப்பு மொதக்கொண்டு எங்க வீட்டு உப்பா இருக்கணுமாம். வந்த அன்னைக்கே தேங்காப்பால் ஊத்திச் சொதி வைக்கணுமாம். கூட இஞ்சிப் பச்சடி இல்லன்னா அவுக அண்ணனுக்குத் தொண்டையில எறங்காதாம். சரி, அண்ணன் கட்டாயம் வருவாவளான்னு கேட்டேன். அதுக்கு மட்டும் பதிலே சொல்லல."

இஞ்சிப் பச்சடி இல்லாமல் சொதியைத் தொடாத ஒருத்தரைத் தில்லைநாயகத்துக்குத் தெரியும். சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற ஆள்தான்.

பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தம்பிக்கும் சந்து கண்டுபிடிக்க வந்திருக்கிறது.

"இன்னொரு வீடு இருக்கு அண்ணாச்சி, வாங்க" என்று பரீது குடையை விரித்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

செண்பகவல்லியிடம் சொன்னார்.

"வீட்டை அவனுக்கே குடுத்துருங்க. தயிர் மட்டும் புளிக்காமப் பாத்துக்கிடுங்க. புளிச்ச தயிரைத் தொடமாட்டான். அண்ணனுக்கு என்ன வேணும்னு சொன்னவன், தனக்கு வேணுங்கிறதைச் சொல்லியிருக்க மாட்டான்."