கூட்டை எறிந்தவள்

"அக்கா, பால்கனியில இருந்த கூடு எங்க?"

"எடுத்துத் தூர எறிஞ்சுட்டேன். காயப்போட்ட துணி பூரா எச்சம்." ஈரத் துணியை உதறியபடியே சொன்னாள் மூத்தவள். முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

இளையவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எறிஞ்சுட்டீங்களா? உள்ள மூணு குஞ்சு இருந்துச்சேக்கா! இப்பதான் கண்ணே திறந்துச்சுங்க!"

"இருந்துச்சு. அதுக்கு?"

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் இருவரும். ஓரகத்திகள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அப்படி ஒரு ஒட்டுதல். இளையவளுக்குப் போட்டோ ஸ்டூடியோவில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் முகத்துப் பருவையும் தழும்பையும் கம்ப்யூட்டரில் அழிப்பதுதான் பிழைப்பு. பால்கனித் தொட்டிச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டியதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஸ்டூடியோவிலிருந்து பெரிய லென்ஸும் விளக்கும் இரவல் வாங்கி வந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை கூட்டுக்கு ஒரு முழம் தள்ளி முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூத்தவளும் சும்மா இருக்கவில்லை. "சாப்பிட வாயேன்", "வெயில் ஏறுது, எழுந்திரு", "கொஞ்சம் உள்ள வந்து படுத்துட்டுதான் போயேன்" என்று வந்து வந்து நின்றாள். இளையவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நேத்து நீங்க நச்சரிச்சப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். நான் ஒரு நல்ல படம் எடுத்துடுவேனோன்னு உங்களுக்கு வயித்தெரிச்சல்!"

மூத்தவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"மூணு உயிர்க்கா! அதைக் கொன்ன கையால ஆக்குற சோறு இனிமே எனக்கு வேண்டாம்!"

அன்றோடு வீட்டில் அடுப்பு இரண்டானது. கணவன்மார் சமாதானம் பேசிப் பேசி அலுத்துப்போனார்கள். சொந்தத்தில் யார் போன் பண்ணினாலும் இளையவள் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதாள்.

"பச்சை மண்ணுங்களைத் தூக்கி எறிய எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

எல்லாரும் மூத்தவளைக் காறித் துப்பாத குறை. அவள் வாயே திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்களைப் பார்க்க இளையவளுக்கு மனசே வரவில்லை. மேலாகக் கிடந்த ஒன்றை மட்டும் எடுத்து ஒரு கண்காட்சிக்கு அனுப்பினாள். வாயை ஆவென்று பிளந்தபடி ஒரு குஞ்சு நேருக்கு நேராகப் பார்க்கிற படம். தேர்வாகிவிட்டது. 'ஆளுயரத்துக்குப் பெரிதாக்கப் போகிறோம், நன்றாகத் துலக்கிக் கொடுங்கள்' என்றார்கள்.

ஸ்டூடியோவில் கூட்டம் இல்லாத மதியம். படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முளைத்தும் முளைக்காத இறகுகளை ஒவ்வொன்றாகத் துலக்கினாள். கண்ணில் வெளிச்சம் கூட்டினாள். பின்னால், துணிக்கம்பி மேல் மங்கலாக ஏதோ ஒரு கறை. அழிக்கப் போனவள், என்னதான் அது என்று பெரிதாக்கிப் பார்த்தாள்.

தாய்க்குருவி. அலகில் ஒரு பச்சைப் புழு.

அடுத்த படத்தைத் திறந்தாள். அதே கம்பி, அதே குருவி. மத்தியானம் எடுத்த படத்திலும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது. இரையோடு வந்தது கூட்டுக்கு எப்படிப் போகும்? நடுவில் இவளல்லவா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்!

ஒவ்வொன்றாகத் திறந்தாள். காலையில் ஆவென்று பிளந்திருந்த வாய்கள் மதியத்தில் பாதி மூடியிருந்தன. சாயங்காலப் படங்களில் கம்பி காலி. மூன்று தலைகளும் கூட்டின் விளிம்பில் சாய்ந்து கிடந்தன.

'விளக்கு வெளிச்சத்துல சொகுசா தூங்குதுங்க பாருங்க' என்று அன்று கணவனிடம் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்தது.

பெரிதாக்கினாள். ஒரு குஞ்சின் கண் திறந்திருந்தது. அதன் மேல் ஓர் எறும்பு. அடுத்த படத்தில் எறும்பு நகர்ந்திருந்தது. கண் இமைக்கவில்லை.

ஸ்டூடியோவைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். மூத்தவள் பால்கனியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா..."

இத்தனை வாரத்தில் முதல் தடவையாக அந்தச் சொல். மூத்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "என்னடி இது, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"அன்னிக்கு நீங்க கூட்டை எடுத்தப்ப... குஞ்சுங்க உயிரோட இருந்துச்சா?"

மடித்த துணி மூத்தவள் கையில் அப்படியே நின்றது. வீங்கிச் சிவந்திருந்த அந்தக் கண்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உயிரோடதான்டி இருந்துச்சு. மூணும் நல்லா கத்திக்கிட்டு இருந்துச்சு. நான்தான் பாவி, தூக்கி எறிஞ்சேன். நீ போய் முகத்தைக் கழுவு."