கோழித் தூக்கம்

“மூடி வெச்சாலும் சூடாகுது மச்சான். உங்க அக்கா ஊர்லேர்ந்து வர்றதுக்குள்ள சரிபண்ணிடு.”

மச்சானின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை மேசைமேல் மனைவியின் லேப்டாப்பை வைத்தார் அவர். மச்சான் நிமிர்ந்து பார்க்காமலே அதைத் திறந்தான்.

“தூங்கும்போதும் வேலை செய்யுது அத்தான். மெயில் எடுக்கும், அப்டேட் இறக்கும்.”

“தூங்கினா கட்டையா தூங்கணும். இதென்ன கோழித் தூக்கம்? எல்லாத்தையும் நிறுத்திடு” என்று சிரித்தார் அவர்.

“நிறுத்திடலாம். அக்கா ஏன் இதை எடுத்துட்டுப் போகல?”

“மறந்துட்டா. முந்தாநாள் நான்தானே பஸ் ஏத்திவிட்டேன்? அப்போலேர்ந்து இது வீட்டுலதான் கிடக்குது.”

“உங்க கார் வைஃபையைக்கூடப் பிடிச்சுக்கும் அத்தான். தொலைஞ்சா கண்டுபிடிக்கணுமேன்னு, அது இருக்கிற இடம் என் போனுக்கு வர்ற மாதிரி வெச்சுக் கொடுத்திருந்தேன்.”

அவருடைய சிரிப்பு நின்றது.

மச்சான் தன் போனை அவர் பக்கம் திருப்பினான். ஊருக்கு வெளியே, யாரும் போகாத கல்குவாரியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. முந்தாநாள் சாயங்காலம்.

“அக்கா போனை எடுக்கவே இல்ல. அதான் நேத்து அந்தப் பள்ளத்துல இறங்கிப் பார்த்தேன்.”

“அது... தப்பா காட்டுது மச்சான்.”

மச்சான் லேப்டாப்பை மெதுவாக மூடினான்.

“அக்கா தப்பா சொல்ல மாட்டா அத்தான். காலையிலதான் ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சா.”