பெயர் வெட்டாத கல்

அவள் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

ப. சௌந்தரபாண்டி.

அண்டாவைப் புரட்டினாள். அதிலும் அவள் புருஷன்தான்.

இட்லிக் கொப்பரை, தூக்குச்சட்டி, சோற்றுப் பானை. புள்ளிப் புள்ளியாகக் கொத்திய அதே எழுத்து. டம்ளரில் மட்டும் இடம் போதாமல் ‘சௌந்தர’ என்று நின்றிருந்தது.

எல்லாம் அவள் அப்பா வாங்கிக் கொடுத்த சீர்.

பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவர், பெண்ணின் பெயரா, மாப்பிள்ளை பெயரா என்று கேட்டிருக்கிறார். பெண்ணின் பெயரைப் போட்டால் கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவது போலாகிவிடும் என்று அப்பா நினைத்தார். மாப்பிள்ளை பெயரையே வெட்டச் சொன்னார். பெரிய மனுஷத்தனம். அவர் செத்தும் போய்விட்டார். இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

நேற்று இரு வீட்டுப் பெரியவர்களும் கூடி, அவளையும் புருஷனையும் பிரித்துவிடுவதென்று பேசினார்கள். சாமானில் யார் பெயர் இருக்கிறதோ அவரவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று முடித்தார்கள். அவளும் தலையாட்டினாள். வருஷக்கணக்காகத் தேய்த்தவளுக்கு அதில் எழுத்து இருப்பது தெரியும். என்ன எழுத்து என்று பார்க்கத் தோன்றியதில்லை. தன் சீரில் வேறு யார் பெயர் இருக்கப்போகிறது?

வாசலில் தம்பி குட்டியானை வண்டியோடு காத்திருந்தான்.

அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கி உரக்கப் படித்தாள். மகன் பெயர் வரும்போது குரல் கொஞ்சம் இனித்தது. மகன் வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை இன்னொருத்தி இந்த வீட்டுக்கு வருகிறாள். அவளுக்குப் புடவை எடுக்கப் போயிருந்தான்.

போகட்டும், எவர்சில்வர்தானே என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியது தோசைக்கல்.

அது சீரில் வந்ததில்லை. வாசலில் மேசை போட்டுக் காலை டிபன் விற்கலாம் என்று தோன்றியபோது, திருவிழாக் கடையில் அவளே பார்த்து வாங்கிய இரும்புக் கல்.

ஆரம்பத்தில் அது அவளை அழவைத்தது. ஊற்றியதெல்லாம் ஒட்டியது, பிய்ந்தது. வடித்த கஞ்சியில் ஊறவைத்தாள். எண்ணெய் தடவிக் காயவைத்தாள். பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பேற்றினாள். கெஞ்சியும் மிரட்டியும் ஒருவழியாக வழிக்குக் கொண்டுவந்தாள். புருஷனிடம் பலிக்காதது கல்லிடம் பலித்தது.

யாருக்கும் இரவல் தரமாட்டாள். அதில் சப்பாத்தி போட விடமாட்டாள். ஒருமுறை அத்தை அதில் கருவாடு வறுத்துவிட்டாள் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொஞ்சம் அதிகம்தான். அவள் அப்படித்தான்.

இப்போது தெருவே அவள் தோசைக்கு வருகிறது. கல் கையில் இருந்தால் எந்த ஊரிலும் அடுப்பு மூட்டிக்கொள்ளலாம். அடுத்த வேளைச் சோற்றுக்குத் தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

கல்லை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனாள்.

“அதுல பேரு இருக்கா?” என்றாள் அத்தை.

இல்லை.

“பேரு இல்லாதது வீட்டுச் சாமான். வர்றவ எதுல தோசை சுடுவா? கடைய மூடவா முடியும்?”

கடையும் போய்விட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சண்டை போட்டால் மறுபடியும் பெரியவர்கள் வருவார்கள். அவர்களுடைய நியாயத்தைத்தான் பார்த்தாயிற்றே.

கல்லைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

ஒரு செங்கல்லை உடைத்துப் பொடியாக்கினாள். கம்பி நாரை எடுத்துக்கொண்டு குழாயடியில் குந்தினாள்.

தேய்த்தாள்.

தண்ணீர் கறுப்பாக ஓடியது.

அத்தை பின்வாசலுக்கு வந்து, அடியே, என்னடி பண்ற என்று பதறினாள். பழகின தோசைக்கல்லைத் தேய்த்தால் என்ன ஆகும் என்று தெரியாதவளா அவள்?

தோள்பட்டை வலித்தது. நிறுத்தவில்லை. ஏற்றிய கறுப்பு அத்தனையும் போய், அடியிலிருந்த இரும்பு வெளுப்பாகத் தெரியும்வரை தேய்த்தாள். முந்தானையால் ஈரத்தைத் துடைத்தாள். உள்ளே கொண்டுபோய் அடுப்பின் மேல் நேராக வைத்தாள்.

“புதுசா வர்றவளுக்குப் புதுசாவே இருக்கட்டும், அத்தை.”

குட்டியானை காலியாகத் திரும்பியது.

தெருமுனை வரை தாங்கினாள். பிறகு அழுதாள். தம்பி பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டும் அளவுக்கு அழுதாள்.

அந்த ஆளுக்காகவா அழுகிறாய் என்று அவன் திட்டினான்.

அவள் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். ரேகையெல்லாம் கறுப்பு. நகக்கண்ணிலும் கறுப்பு.

அவனும் பார்த்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கையைக் கழுவிக்கொள்ளச் சொன்னான்.

அவள் வேண்டாம் என்றாள். கைகளை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.