கோமாளியின் காது

கோயில் கொடை விழாவுக்குப் பாவைக்கூத்து நடத்தப் போனால், கேசவ ராவ் முன்பெல்லாம் பகலில் டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்டுக்கொள்வார். அதை வைத்துத்தான் கோமாளிப் பாவை ஊராரைக் கிண்டலடிக்கும். ஏஐ பொருத்தி வாங்கிய இந்தப் புதுக் கோமாளிக்கு அந்தப் பாடே இல்லை. கூட்டத்தின் போன்களைத் துழாவி, தானே பேசியது. அதன் மேல் சந்தேகப்பட்டே ராவ் தன் போனைத் தூக்கிப் போட்டிருந்தார்.

முதல் நாள் ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. விடிந்ததும் மூன்று வீட்டில் சண்டை. இரண்டாம் நாள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு கோமாளியையே முறைத்தார்கள்.

“என்ன, ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்கிறாங்க?” என்று ராவ் திரைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

“போனை வீட்டுலயே வச்சிட்டு வந்திருக்காங்களாம்” என்றாள் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த மனைவி சீதா பாய்.

கோமாளி வாயைத் திறந்து திறந்து மூடியது. நாளைக்கு டீக்கடைக்குப் போய்விடலாம் என்று ராவுக்கு உள்ளூரச் சந்தோஷம். அப்போது அது மெல்லத் திரைக்குப் பின்பக்கம் கழுத்தைத் திருப்பியது.

“சீதாக்கா, மக வீட்டுக்கு ஒத்த டிக்கெட் எடுத்திருக்கீங்க. திரும்பி வர்றதுக்கு எடுக்கவே இல்லையே! ராவ்கிட்ட எப்பச் சொல்லப்போறீங்க?”

கூட்டம் அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தது. ஆர்மோனியம் நின்றுபோயிருந்தது.