இனியாழின் சுண்டுவிரல்

பள்ளிப் படிப்பும் பி.எட்.டும் எனக்குக் கணினித் திரையிலேயே முடிந்துவிட்டன. பயிற்சிக்குத் தந்த திரைக்குழந்தைகள் விரல் தூக்கினால் சந்தேகம் என்று பொருள். மறுபடி விளக்க வேண்டும்.

இன்றுதான் முதல்முறையாக நிஜக் குழந்தைகள், மூன்றாம் வகுப்பு. எனக்கு மதிப்பெண் போடும் கேமரா சுவரில் இருந்தது. மழை எப்படிப் பெய்கிறது என்று ஆரம்பித்ததுமே முன்பெஞ்சு இனியாழ் சுண்டுவிரலைத் தூக்கினாள். மறுபடி விளக்கினேன். விரல் இறங்கவில்லை. அருவிப் படத்தை ஓடவிட்டேன், சத்தத்தோடு. அவள் காலைப் பின்னிக்கொண்டு நெளிந்தாள்.

"மிஸ்..."

"இரும்மா, இன்னொரு தடவ சொல்றேன். நல்லா கவனி."

"மிஸ், பெஞ்சு நனைஞ்சிருச்சு!" என்று வகுப்பே கத்தியது.

இனியாழ் அழுதுகொண்டே விரலை இறக்கினாள்.

கேமரா உற்சாகமாக அறிவித்தது: "மாணவியின் சந்தேகம் முழுமையாகத் தீர்ந்தது. நூற்றுக்கு நூறு!"